மோட்டார் வண்டியும் மெருகுப் பொறியும்



மோட்டார் வண்டியின் மேற்பூச்சைத் தேய்த்து மெருகேற்றும் சிறு மின்பொறி ஒன்றைப்பற்றி இன்று பேச எண்ணுகிறேன். நம் ஊர்ப் பட்டறைகளில் இதனைப் 'பஃபிங் மெஷின்' என்பர். இவற்றுள் எதனை வாங்குவது, எப்படிக் கையாள்வது என்று என்னிடம் கேட்போர் உண்டு. அவர்களுக்கு நான் முதலிற் சொல்வது பெயிண்டின் கதையைத்தான். பெயிண்டு மாறிய போதெல்லாம் பொறியும் அதன் பின்னே மாறி வந்திருக்கிறது. முன்னதை அறியாதவன் பின்னதைத் தேர்ந்தெடுத்தல் அரிது.

மோட்டார் வண்டி தோன்றிய காலத்தில், குதிரை வண்டிக்குப் பூசிவந்த எண்ணெய் வார்னிஷையே அதற்கும் பூசினார்கள். தூரிகையால் ஒரு பூச்சு, அது உலரச் சில நாட்கள், பிறகு நுரைக்கல் பொடியிட்டுக் கையால் ஒரு தேய்ப்பு, மறுபடியும் பூச்சு. இவ்வாறு ஒரு வண்டி முடிய வாரக்கணக்கில் ஆயிற்று. ஹென்றி போர்டின் 'டி மாடல்' வண்டிகள் 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறத்திலேயே வெளிவந்தன. சூட்டடுப்பில் உலர்த்தும் அந்தக் கறுப்பு எனாமல் மலிவானது, உழைக்கவும் செய்தது.

இந்நிலையை மாற்றியது, வியப்பாக இருக்கலாம், வெடிமருந்து செய்துவந்த ஒரு நிறுவனம். அமெரிக்காவில் டெலவேர் மாநிலத்தைச் சேர்ந்த டூபாண்ட் நிறுவனத்துக்கு நைட்ரோ செல்லுலோஸ் என்னும் பொருள் பழகிய சரக்கு. பஞ்சை அமிலங்களில் தோய்த்துச் செய்யும் இப்பொருளே வெடிபஞ்சு. அக்காலத்துச் சினிமாப் படச்சுருளும் இதனாலேயே ஆயது. 1918-ல் முதல் உலகப் போர் ஓய்ந்தபின் வெடிமருந்துக்கு முன்போன்ற தேவை இல்லை. இதே பொருளைப் பீச்சுக் குழலால் தெளிக்கத்தக்க லாக்கராக மாற்றி, 1923-ல் 'டூகோ' என்னும் பெயரில் விற்கலாயினர். ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்டு வண்டி 1924-ஆம் ஆண்டு மாடலில் இதன் நீல நிறம் பூண்டு வந்தது. வாரங்கள் மணிகளாகச் சுருங்கின. சார்லஸ் கெட்டரிங் என்ற பொறியியலறிஞர், இதனை நம்ப மறுத்த ஒருவரை விருந்துக்கு அழைத்துச் சென்று, உணவு முடிந்து வெளியே வருவதற்குள் அவருடைய வண்டியின் நிறத்தையே மாற்றி வைத்திருந்தார் என்றொரு கதை சொல்வதுண்டு. கதையின் மெய்ம்மைக்கு நான் பொறுப்பேற்க மாட்டேன். ஆனால் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. நம் நாட்டில் மர அலமாரிக்குத் தெளிக்கும் பெயிண்டையும் தச்சர்கள் இன்றும் 'டூகோ' என்றே வழங்குவதைக் கேட்கலாம்.

இந்த லாக்கருக்கு ஒரு குறை இருந்தது. அதிலுள்ள திரவம் விரைந்து ஆவியாகிவிடுவதால், தெளித்த மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல்போலச் சொரசொரப்பாகவும் மங்கலாகவும் உலரும். பளபளப்பு வேண்டுமானால் தேய்த்தாக வேண்டும். பூசும் நேரத்தில் மிச்சப்படுத்தியதில் ஒரு பகுதியைத் தேய்ப்பிலே இழக்க நேர்ந்தது. மெருகுப் பொறிக்கு மோட்டார்த் தொழிலில் இடம் உண்டானது இப்படித்தான்.

பொறி எங்கிருந்து வந்தது? இரும்பு வேலையிலிருந்து வந்தது. அமெரிக்காவில் பிளாக் அண்டு டெக்கர் நிறுவனம் 1917-ல் கைத்துப்பாக்கிப் பிடியும் விசைவில்லும் கொண்ட மின் துளைப்பொறிக்கு உரிமைச் சாசனம் பெற்றது. ஜெர்மனியில் 1922-ல் தொடங்கிய பிளெக்ஸ் நிறுவனம் வளையும் தண்டுடைய சாணைப் பொறியைச் செய்தது; அதே நிறுவனம் 1954-ல் விரைவாகச் சுழலும் கோணச் சாணைப் பொறியை வெளியிட்டது. சாணைக் கல்லை நீக்கி ஆட்டுக் கம்பளித் திண்டைப் பொருத்தி, வேகத்தைக் குறைத்தால் அதுவே மெருகுப் பொறி. இரும்பைத் தின்னப் பிறந்த பொறி என்பதை மறக்கலாகாது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். 180 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள திண்டு நிமிடத்துக்கு 2,000 சுற்றுச் சுழன்றால், அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 68 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. நடுப்புள்ளியோ நின்ற இடத்திலேயே நிற்கிறது. இதனால் விளிம்பில் வெப்பம் மிகும். நான் கண்ட ஒரு பட்டறையில், கதவின் மடிப்பு விளிம்பில் பொறி இரண்டு விநாடி தங்கியது. பெயிண்டு தீய்ந்து அடிப்பூச்சின் சாம்பல் நிறம் வெளிப்பட்டுவிட்டது. உரியவர் பணம் கொடுத்தது மெருகுக்கு. பெற்றதோ கதவு முழுவதற்கும் புதுப் பூச்சு.

பழைய லாக்கர் கனமாகப் பூசப்பட்டது. மீண்டும் பூசுவதும் எளிது. தேய்ப்பதில் சிறிது தவறினாலும் பொறுத்துக்கொள்ளும். 1970-களின் இறுதியிலிருந்து நிலை வேறாயிற்று. நிறப்பூச்சின்மேல் நிறமற்ற 'கிளியர் கோட்' பூசும் முறை பரவியது. வெயிலின் புறஊதாக் கதிரைத் தடுக்கும் பொருள் அதில் கலந்திருக்கிறது. அதன் கனம் பொதுவாக 40, 50 மைக்ரான் அளவே; நம் தலைமயிரின் பருமன்கூட ஏறக்குறைய 70 மைக்ரான். ஒவ்வொரு மெருகும் இதில் ஒரு சிறு பங்கைச் சுரண்டி எடுக்கிறது. எடுத்தது திரும்ப வாராது. கிளியர் கோட் மிக மெலிந்த வண்டி சில ஆண்டுகளில் வெயிலில் வெளிறி, தோல் உரிவதுபோல் உரியும்.

இந்த மெல்லிய பூச்சுக்கு ஏற்றதாக வந்தது இருசுழற்சிப் பொறி. இதன் தண்டு நடுவிலிருந்து சற்று விலகியிருப்பதால் திண்டு 8, 15 அல்லது 21 மில்லிமீட்டர் வட்டத்தில் அலைகிறது. அலைந்துகொண்டே தானாகவும் சுழல்கிறது. அழுத்தம் மிகுந்தால் அச்சுழற்சி நின்றுவிடும். வலிமைக் குறைவு என்று தொழிலாளர் சிலர் இதனை இகழ்வதுண்டு. எனக்கோ அவ்வாறு நின்றுவிடுவதே இதன் சிறப்பாகத் தோன்றுகிறது. ஆகவே புதிதாகப் பழகுவோர் 15 மில்லிமீட்டர் அலைவுள்ளதைத் தேர்ந்தெடுக்கலாம். 21 மில்லிமீட்டர் அகன்ற கூரைக்கும் முன்மூடிக்கும் நன்று. வளைவு மிகுந்த இடங்களில் அது தடுமாறும். ஒற்றைச் சுழற்சிப் பொறி கை தேர்ந்தவர்க்கு உரியது. அவர்கள் கையிலும் சில வேளை அது வெயிலில் மட்டுமே தெரியும் நிழற்கோடுகளை விட்டுச்செல்லும்.

கையாளும் முறை கடினமன்று. வண்டியை முதலில் நன்றாகக் கழுவவேண்டும். கழுவாத வண்டியில் இருப்பது மணல், அதைத் தேய்ப்பது உப்புத்தாளால் தேய்ப்பதற்கு ஒப்பாகும். மென்மையான திண்டையும் மென்மையான மருந்தையும் கொண்டு கையளவு இடத்தில் முயன்று பார்த்து, போதாதபோதே கடுமையானதற்குச் செல்க. விளிம்புகளில் ஒட்டுத்தாள் ஒட்டுக. திண்டைப் பரப்பின்மேல் தட்டையாக வைத்தபின்பே விசையை அழுத்த வேண்டும். முன்னரே அழுத்தினால் மருந்து சட்டையெல்லாம் தெறிக்கும். ஓரிடத்தில் தங்காமல் மெல்ல நகர்த்தி, இடையிடையே புறங்கையால் சூட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும். மின்கம்பியைத் தோளின்மேல் போட்டுக்கொள்க, கண்ணாடி அணிக, திண்டை மாற்றுமுன் பிளக்கைப் பிடுங்கிவிடுக. தரையில் விழுந்த திண்டைக் கழுவாமல் எடுத்து வைக்கவே கூடாது.

பூச்சின் கனத்தை அளக்க ஒரு சிறு கருவி கிடைக்கிறது. காந்த முறையில் இரும்பின்மேலுள்ள பூச்சை அளந்து காட்டும். ஆனால் அடிப்பூச்சு, நிறம், கிளியர் கோட் மூன்றையும் சேர்த்தே அது சொல்லும், பிரித்துச் சொல்லாது. செலவில்லாத சோதனை ஒன்றும் உண்டு. மருந்து தடவிய வெள்ளைத் திண்டால் சிறிது தேய்த்துப் பாருங்கள். பழைய லாக்கர் வண்டியானால் அதன் சிவப்போ நீலமோ திண்டில் ஏறிவிடும். கிளியர் கோட் உள்ள வண்டியில் திண்டு வெண்மையாகவே இருக்கும். அத்தகைய வண்டியில் திண்டு நிறம் பிடிக்கத் தொடங்கினால், அந்த இடத்தில் கிளியர் கோட் தீர்ந்துவிட்டது, பொறியை நிறுத்திவிட வேண்டியதுதான்.