பெரும் பாரமும் மலைப்பாதையும்

கடல்வழியாக வந்து துறைமுகத்தில் இறங்கும் பெரும் பொருளொன்றை உள்நாட்டுக்கு எடுத்துச் செல்வது எப்படி? விமானங்களும் விண்கலங்களும் கட்டப்படும் இக்காலத்துக்கே உரிய கேள்வி போல இது தோன்றும. கண்டி இராச்சியத்துக்கோ இது பல நூற்றாண்டுகள் பழமையான கேள்வி. அதற்கு அளிக்கப்பட்ட விடையில்தான் அந்த இராச்சியத்தின் வாழ்வும் வீழ்ச்சியும் தங்கியிருந்தன.

இக்காலத்து விடைகளுள் மிகப் பெரியதிலிருந்து தொடங்கலாம். எயார்பஸ் நிறுவனத்தின் ஏ-380 விமானம் தென் பிரான்ஸிலுள்ள துளூஸ் நகரில் பொருத்தப்பட்டது. துளூஸ் கடலோர நகரமன்று. இறக்கைகள் பிரித்தானியாவிலும், உடற்பகுதிகள் ஜேர்மனியிலும் பிரான்ஸின் மேற்குக் கரையிலும், வாற்பகுதியின் கிடைச்சிறகு ஸ்பெயினிலும் உருவாயின. அவை கப்பலில் போர்தோவுக்கு அருகிலுள்ள போயாக் துறையை அடைந்தன. அங்கிருந்து கரோன் ஆற்றில் படகேறி லாங்கோன் வரை சென்றன. அப்பால் ஏறக்குறைய 240 கிலோமீற்றர் தரைவழி. ஆறு பெரும் பாகங்களைச் சுமந்த வாகனத் தொடர் இரவு நேரங்களில் மட்டும் ஊர்ந்தது. வீதிகள் அகலமாக்கப்பட்டன, சில ஊர்களைச் சுற்றிப் புதுப் பாதைகள் இடப்பட்டன. லெவிஞ்ஞாக் என்ற சிற்றூரில் மட்டும் வீடுகளின் சுவர்களை உரசாத குறையாக இறக்கைகள் கடந்து சென்றன. 2004இல் தொடங்கிய அந்த ஊர்வலம் 2020 பெப்ரவரியில் கடைசி முறையாக நடந்தது. 2021 டிசம்பரில் கடைசி விமானம் கையளிக்கப்பட்டதோடு அந்த இனத்தின் உற்பத்தியும் முடிந்தது. பதினாறு ஆண்டுகளின் தேவைக்காக ஒரு நாட்டின் வீதிகளே உருமாறின.

துளூஸுக்குச் சமவெளி வாய்த்தது. கண்டிக்கு வாய்த்தவை மலைகள். அவற்றைத் தடையாக அல்ல, அரணாகவே கண்டி மன்னர்கள் கருதினர்.

கண்டி நகருக்குக் கிழக்கே மகாவலியின் கரையில் இருக்கும் குண்டசாலை அக்காலத்தில் அரசர் உறைந்த இடம். 1707 முதல் 1739 வரை ஆண்ட வீர நரேந்திரசிங்கன் இங்கு மாளிகை அமைத்து வாழ்ந்ததால் ‘குண்டசாலைத் தெய்யோ’ என்றே மக்களால் அழைக்கப்பட்டான். அவன் மணந்தது மதுரையிலிருந்து வந்த அரசியை. அவனுக்குப் பின் அந்த அரசியின் சகோதரன் அரியணை ஏறியபோது கண்டியில் நாயக்கர் வமிசம் தொடங்கிற்று. அரசிகளும் உறவினரும் கடல் கடந்து வந்தனர். துணியும் உப்பும் கரையிலிருந்து வந்தன. ஆனால் இவை யாவும் தலைச்சுமையாகவும் காவடியாகவும் பொதிமாடுகளிலும் பல்லக்குகளிலும் வந்தவை. சக்கரத்தில் வந்தவை அல்ல.

இதன் காரணத்தை றொபேட் நொக்ஸ் பதிவு செய்திருக்கிறார். திருகோணமலைக்கு அருகே கொட்டியாரத்தில் 1660இல் சிறைப்பட்டு, 1679இல் தப்பிச் சென்ற இந்த ஆங்கிலேயர் 1681இல் வெளியிட்ட நூலில் கண்டி நாட்டின் பாதைகளை விவரிக்கிறார். ஒருவர் பின் ஒருவராக நடக்கும் ஒற்றையடிப் பாதைகள், அவற்றின் வாயில்களில் முட்படலைகள், அங்கே காவலர்கள், ஆறுகளுக்குப் பாலமின்மை. தன் நாட்டுக்குள் நுழைவது எவருக்கும் எளிதாக இருக்கலாகாது என்பதே மன்னனின் எண்ணம் என்கிறார். அகன்ற வீதி என்பது பீரங்கிக்கான வீதி என்பதை அந்த அரசு அறிந்திருந்தது.

வேண்டியவர்களுக்கு அந்தப் பாதைகள் திறந்தன. கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனின் அழைப்பை ஏற்று, 1753இல் சீயத்துப் பிக்குகள் ஒல்லாந்தக் கப்பலில் திருகோணமலைக்கு வந்து, காடுகளையும் மலைகளையும் கடந்து கண்டியை அடைந்தனர். வேண்டாதவர்களுக்கு அதே பாதைகள் பொறியாயின. 1803இல் கண்டியைக் கைப்பற்றிய பிரித்தானியப் படை, நோயாலும் பட்டினியாலும் நலிந்து, மேஜர் டேவியின் தலைமையில் திருகோணமலை நோக்கிப் பின்வாங்கியது. வெள்ளம் பெருகியிருந்த மகாவலி வட்டப்புலுவையில் குறுக்கிட்டது. பாலமில்லை, படகில்லை. ஆற்றங்கரையிலேயே அந்தப் படை அழிந்தது.

1815இல் இராச்சியம் வீழ்ந்தபின் பிரித்தானியர் செய்த முதன்மையான பணி வீதி அமைத்ததே. எட்வேட் பார்ன்ஸ் 1820 முதல் ஆளுநர் பொறுப்பில் இருந்த காலத்தில் கொழும்பு - கண்டி வீதி மலையேறியது. அதைத் திட்டமிட்டவர் அரச பொறியியற் படையின் கப்டன் டோசன். கடுகண்ணாவையில் பாறையொன்று குடையப்பட்டு அதனூடே வீதி சென்றது. மலையைத் துளைப்பவரே கண்டியை ஆள்வார் என்றொரு பழைய நம்பிக்கை இருந்ததாகச் செவிவழிக் கதை இன்றும் அங்கு சொல்லப்படுகிறது. பேராதனையில் மகாவலியின் மீது, 205 அடி நீளமான ஒற்றை வளைவில், முதிரை மரத்தாலான பாலம் 1833இல் முடிந்தது. 1905இல் அது அகற்றப்படும் வரை மலைநாட்டின் பாரமெல்லாம் அதன் மேல் சென்றது.

1832ஆம் ஆண்டில் மூன்று நிகழ்வுகள் ஒன்றுகூடின. ஜனவரி 30ஆம் நாள் கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூரில் சிறையிருந்தபடியே இறந்தான். அதே ஆண்டில் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே தபால் குதிரைவண்டி ஓடத் தொடங்கியது. 1829இல் மறைந்த டோசனுக்குக் கடுகண்ணாவையில் நினைவுக் கோபுரம் எழுந்ததும் அதே ஆண்டில்தான். ஒரு நாட்டின் அரண் வழியாக மாறிய கதை இம்மூன்றிலும் அடங்கிவிடுகிறது.

ஆனால் அந்தக் கோபுரத்தில் பெயரில்லாதவர்கள் உண்டு. இராஜகாரிய முறையின் கீழ் கூலியின்றி வேலை வாங்கப்பட்ட கண்டிக் குடியானவர்களும், தென்னிந்தியாவிலிருந்து தருவிக்கப்பட்ட பயோனியர் படையினருமே அந்தப் பாறைகளை உடைத்தனர். பின்னர் கோப்பிக் காலத்தில் மாட்டுவண்டிகள் அரிசியை ஏற்றி மேலே வந்தன. கோப்பியை ஏற்றிக் கீழே சென்றன. வண்டிகளால் ஈடுகொடுக்க இயலாத நிலையில் இருப்புப்பாதை வந்தது. 45 அடிக்கு ஓரடி உயரும் கடுகண்ணாவை ஏற்றத்தைக் கடந்து 1867இல் புகையிரதம் கண்டியை அடைந்தது. அந்த ஏற்றத்திலும் காய்ச்சலுக்குப் பலியான தொழிலாளருக்குக் கணக்கில்லை.

இங்கு ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். தேயிலைத் தொழிற்சாலை இயந்திரங்கள் பெரியவையே. ஆயினும் அவை கழற்றிப் பூட்டக்கூடியவை. பகுதி பகுதியாக வந்து மலையுச்சியில் ஒன்றாகின. பாரத்தில் உண்மையான சிக்கல் பிரிக்க முடியாத பொருளில்தான் இருக்கிறது. விமானத்தின் இறக்கையை வழிக்காக வெட்ட முடியாது. மின்மாற்றியின் இதயத்தையும் சுழலியின் சக்கரத்தையும் துண்டாக்க முடியாது. அத்தகைய பொருள் வரும்போது பொருள் வளைந்து கொடுப்பதில்லை; வழிதான் வளைந்து கொடுக்க வேண்டும்.

குண்டசாலைப் பகுதிக்கு அந்தக் காலம் விக்டோரியா அணையோடு வந்தது. துரித மகாவலித் திட்டத்தின் கீழ், பிரித்தானிய நன்கொடையுடன், 122 மீற்றர் உயரமும் 520 மீற்றர் நீளமும் கொண்ட வளைவு அணை கட்டப்பட்டு 1985 ஏப்ரல் 12ஆம் நாள் திறந்துவைக்கப்பட்டது. 70 மெகாவாற் வீதம் மூன்று சுழலிகள், மொத்தம் 210 மெகாவாற். கண்டிக்குக் கிழக்கே இருப்புப்பாதை கிடையாது. துறைமுகத்தில் இறங்கிய கருவிகளுக்கு வீதியைத் தவிர வேறு வழியில்லை. திகனையில் வெளிநாட்டுப் பொறியியலாளருக்கென ஒரு குடியிருப்பே எழுந்தது. மறுபுறம் பழைய தெல்தெனிய நகரம் நீரில் மூழ்கியது. பல்லாயிரம் மக்கள் வேறு நிலங்களுக்குப் பெயர்ந்தனர். வரட்சியில் நீர்மட்டம் தாழும்போது அந்த நகரின் சிதைவுகள் தலைகாட்டுவதும், இடம்பெயர்ந்தோர் அவற்றைப் பார்க்க வருவதும் இன்றுமுள்ள வழக்கம்.

பிரிக்க முடியாத பாரம் எவ்வளவு தூரம் ஒரு நாட்டைச் சோதிக்கும் என்பதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு அயலிலேயே உண்டு. மகாராஷ்டிர மாநிலம் அம்பர்நாத்திலிருந்து திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்துக்கு ஓர் அழுத்தக் கலன் கொண்டு செல்லப்பட்டது. விண்கலங்களின் இலகுவான கலப்புப் பொருட் பாகங்களை வெப்பமும் அழுத்தமும் ஊட்டி இறுக வைக்கும் கலன் அது. உள்ளழுத்தத்தைத் தாங்க வேண்டிய கலனைத் துண்டுகளாக அனுப்பி வழியில் ஒட்ட முடியாது. எடை சுமார் 70 தொன். அதைச் சுமந்த வாகனத்துக்கு 74 சக்கரங்கள்; அதாவது சரக்கின் பாரத்தை மட்டும் எடுத்தால் ஒரு சக்கரத்துக்கு ஒரு தொன்னுக்குச் சற்றுக் குறைவு. வீதியும் பாலமும் நொறுங்காதிருக்கவே இந்தப் பங்கீடு. 2019 ஜூலையில் புறப்பட்ட அது, சுமார் 1,700 கிலோமீற்றரைக் கடந்து 2020 ஜூலையில்தான் போய்ச் சேர்ந்தது. மரங்கள் வெட்டப்பட்டன, மின்கம்பிகள் அவிழ்க்கப்பட்டன, பாலங்கள் வலுவூட்டப்பட்டன. கொரோனா முடக்கத்தில் குழுவினர் வழியிலேயே காத்துக்கிடந்தனர்.

அடுத்த ஆண்டில் கடலைத் துணைக்கு அழைத்தார்கள். அதே மையத்தின் காற்றுச் சுரங்கத்துக்கான பெரும் கருவிகள் மும்பையிலிருந்து கொல்லம் துறைமுகத்துக்குக் கப்பலில் வந்து, அங்கிருந்து பல சக்கர வாகனங்களில் தும்பாவை நோக்கிச் சென்றன. 2021 செப்டெம்பரில், மையத்தை அண்மித்தபோது உள்ளூரார் வழிமறித்து ‘நோக்குக்கூலி’ கேட்டனர். பாரத்தை இயந்திரம் இறக்க, பார்த்திருப்பவர் பெறும் கூலி அது. 2018இலேயே அரசு தடைசெய்த வழக்கம். காவல்துறை தலையிட்டபின் வாகனங்கள் நகர்ந்தன. உயர் நீதிமன்றமும் கண்டித்தது.

நோக்குக்கூலி நியாயமற்றதுதான். ஆயினும் அதன் அடியில் ஒரு பழைய கேள்வி கிடக்கிறது. என் ஊர் வழியாக இத்தனை பெரிய செல்வம் போகிறது, எனக்கு என்ன? லொஸ் ஏஞ்சலிஸில் 2012 ஒக்டோபரில் என்டெவர் விண்ணோடத்தை அருங்காட்சியகத்துக்கு நகர்த்த ஏறக்குறைய 400 மரங்கள் வெட்டப்பட்டபோது அங்குள்ள மக்களும் இதையே கேட்டனர். வெட்டியதற்கு இருமடங்குக்கு மேல் நட்டுத்தருவதாக அவர்களுக்கு உறுதி கிடைத்தது. பேசக்கூடிய மக்களுக்குக் கணக்குக் கிடைக்கிறது. கடுகண்ணாவையில் பாறை உடைத்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை.

கண்டியை நோக்கிய மத்திய அதிவேகப் பாதையில் மீரிகம - குருநாகல் பகுதி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. 2025 நவம்பரில் பகல கடுகண்ணாவையில் மண் சரிந்து உயிர்களைப் பலிகொண்டபோது, டோசனின் பழைய வீதி மூடப்பட்டது. மலையை வெட்டிய வடு இருநூறு ஆண்டுகள் கழிந்தும் ஆறவில்லை.

வழி அகலவே கூடாது என்பது என் வாதமன்று. முட்படலைகளின் காலத்துக்கு எவரும் திரும்ப இயலாது. விக்டோரியாவின் மின்சாரம் நம் வீடுகளிலும் எரிகிறது. ஆனால் பெரும் பாரம் எது வந்தாலும் வழியில் யாரோ இடம் கொடுத்திருக்கிறார்கள். மரமாகவோ, மனையாகவோ, ஊராகவோ, உயிராகவோ கொடுத்திருக்கிறார்கள். வந்து சேர்ந்த பொருளின் எடையை நாம் தொன் கணக்கில் எழுதி வைக்கிறோம். இடம் கொடுத்தவர்களின் கணக்கையும் அதே ஏட்டில் எழுதுவதுதான் வரலாற்றுக்கு நேர்மை.