சாத்தம் மில்லும் கல்யாண ஃபோட்டோவும்

அந்தமானின் பழைய படம் என்றாலே நம்மவர்களுக்கு செல்லுலார் ஜெயில்தான். தப்பில்லை. 1896-ல் ஆரம்பித்து 1906-ல் முடித்தார்கள். நடுவில் கோபுரம், சைக்கிள் சக்கரக் கம்பி மாதிரி ஏழு கைகள், மூன்று மாடி. ஒரு கையின் முகப்பு அடுத்ததன் முதுகைத்தான் பார்க்கும். எதிர் அறைக்காரனிடம் ஜாடை காட்டக்கூட வழியில்லை. இன்று மிச்சம் மூன்று கைகள்தான். மற்றதெல்லாம் பழைய படங்களில்.

கட்டட எஞ்சினியரான எனக்கு அதைவிட சாத்தம் மில் மேல்தான் பிரியம். வனத்துறை 1883-ல் ஆரம்பித்த மரமில் அது. சின்னத் தீவு, அதில் மில், போர்ட் பிளேரிலிருந்து போக ஒரு பாலம். தகரக் கூரை, ரம்பச் சத்தம், படாக் மரத்தூளின் சிவப்பு. 1942-ல் விழுந்த குண்டின் பள்ளம் இன்னும் உள்ளே இருக்கிறது. சிப்பிகாட்டிலிருந்து அப்பா தினமும் பஸ் பிடித்துப் போனது இங்கேதான்.

அந்தமானுக்குக் கேமரா ரொம்ப சீக்கிரமே வந்துவிட்டது. 1857 கடைசியில், கைதிகளைக் குடியேற்ற இடம் தேடி வந்த மௌவட் குழுவோடு கல்கத்தாவிலிருந்து ஆஸ்கர் மாலிட் என்ற படக்காரரும் வந்தார். கண்ணாடியில் மருந்து பூசி, ஈரம் காய்வதற்குள் எடுத்துக் கழுவ வேண்டிய காலம். கப்பலிலும் கரையிலும் அந்த வேலை எப்படி இருந்திருக்கும்! 1890-களில் போர்ட்மன் என்ற அதிகாரி, பழங்குடிகளைக் கட்டம் போட்ட திரை முன்னால் நிறுத்தி அளவெடுப்பது போலப் படமெடுத்தார்.

அதிகாரிகளின் கேமரா பார்த்தது இதையெல்லாம்தான். மரம் இழுத்தவர், ரம்பம் தீட்டியவர் இவர்கள் பேரோடு எந்த ஆல்பத்திலும் நான் பார்த்ததில்லை. அவர்கள் படத்துக்கு நின்றது கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் மட்டும்.

ஆனால் அந்தப் படங்களில்தான் ஊர் இருக்கிறது. மாப்பிள்ளை தோளுக்குப் பின்னால் மில் கூரை, பாட்டி தலைக்கு மேல் ஜெட்டி. யாரும் அதற்காக எடுக்கவில்லை, தானாக விழுந்தது. எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்று இருக்கிறது. அக்காவின் சடங்குப் படம், ஓரத்தில் பாதி பாலம். வரைபடத்தில் பார்க்காத தூண் விவரத்தை அதில் பார்த்தேன்.

சிப்பிகாட்டுக்கு அதுவும் இல்லை. மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் வளர்க்கும் அரசுப் பண்ணையைப் பார்க்க வருகிறவர்கள் செடியைத்தான் எடுப்பார்கள், எங்கள் தெருவை யார் எடுப்பது? 26 ஜூன் 1941 பூகம்பம் ராஸ் தீவையும் ஜெயிலையும் உலுக்கியது. அந்தக் கட்டடங்களுக்காவது முந்தைய படங்கள் உண்டு. 26 டிசம்பர் 2004-ல் போர்ட் பிளேர் பக்கம் நிலமே ஏறக்குறைய ஒரு மீட்டர் இறங்கியது. ஓடை வழியாகக் கடல் ஏறி சிப்பிகாட் வயல்களில் நின்றுவிட்டது. இப்போது அங்கே பறவை பார்க்க வருகிறார்கள். வரப்பு எங்கே ஓடியது என்று என் பையனுக்குக் காட்ட ஒரு படம் கிடையாது.

அதனால் ஒரு வேண்டுகோள். அந்தமானில் இருந்துவிட்டு வந்த குடும்பமா நீங்கள்? டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள், ஃபிரேமோடு ஸ்கேன் செய்யுங்கள். பின்பக்கத்தையும் சேர்த்து, ஏனென்றால் ஸ்டுடியோ முத்திரையும் வருஷமும் அங்கேதான் இருக்கும். முகத்தை மட்டும் வெட்டி எடுத்து மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெரியவர்களிடம் பின்னால் தெரிவது என்ன என்று கேட்டுப் பென்சிலால் எழுதி வையுங்கள். போர்ட் பிளேர் 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. அவர்கள் எந்தப் பேர் சொல்கிறார்களோ அதையே எழுதுங்கள்.