ஒரு மூச்சின் விலை: மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்போர்



கள்ளக்குறிச்சியிலிருந்து கடல் தொலைவு. கல்வராயன் மலையடிவாரத்துப் பிள்ளைகளுக்கு ஆழம் என்றால் கிணறும் கோமுகி அணையும்தான். சென்ற கோடை விடுமுறையில், எங்களிடம் ஓதும் மாணவர் இருவர் கிணற்றில் மூச்சடக்கும் பந்தயம் கட்டினர். ஒருவன் நீருக்குள்ளேயே நினைவிழந்தான். உடனிருந்தோர் தூக்கிவிட்டதால் பிழைத்தான், அல்ஹம்துலில்லாஹ். மறுவாரம் அவனே கேட்டான்: "ஹஜ்ரத், முத்துக் குளித்தவர்களால் மட்டும் எப்படி முடிந்தது? அவர்கள் உடம்பு வேறா?"

விடையின் ஒரு பகுதி நம் வரலாற்றில் இருக்கிறது. கொற்கை முத்து சங்க காலத்திலேயே புகழ்பெற்றது. ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முந்திய 'பெரிப்ளூஸ்' என்னும் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு, தண்டனை பெற்ற கைதிகள் அங்கு முத்தெடுத்ததாகக் கூறுகிறது. பிற்காலத்தில் பரதவரும், கீழக்கரை முதலிய ஊர்களின் முஸ்லிம்களும், வளைகுடா நாட்டு அரபியரும் மன்னார் கடலில் மூழ்கினர். சுமார் 15 கிலோ எடையுள்ள கல்லில் கால்பதித்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்குவர். அடியில் சிப்பிகளைக் கூடையில் வாரியதும் கயிற்றை அசைப்பர். படகிலிருப்பவர் மேலே இழுப்பார். ஒரு முழுக்கு பெரும்பாலும் ஒரு நிமிடம். இலங்கைக் கரையில் 1905இல் நடந்த பெரும் முத்துக்குளிப்பில் சிப்பிகளில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்குச் சென்றது. மூழ்கியோருக்கு எஞ்சிய ஒரு பங்கே.

மற்றொரு பகுதி உடலில் இருக்கிறது. மூச்சடக்கி முகத்தை நீரில் ஆழ்த்தியதும் இதயத் துடிப்பு குறைகிறது. கை கால்களின் இரத்தக் குழாய்கள் சுருங்கி, இரத்தம் மூளைக்கும் இதயத்துக்கும் ஒதுக்கப்படுகிறது. மண்ணீரல் சுருங்கித் தன்னிடம் சேமித்த சிவப்பணுக்களை வெளியிடுகிறது. இந்த ஏற்பாடு எல்லா மனிதருக்கும் உண்டு. பயிற்சி அதனை மேம்படுத்தும். அந்தமான் கடலில் வாழும் மோக்கன் சிறுவர்கள் நீருக்கடியில் மிகத் தெளிவாகப் பார்ப்பதை 2003இல் ஆய்வாளர் கண்டனர். ஆனால் ஐரோப்பியச் சிறுவர்களும் பழகிப் பழகி அத்திறனைப் பெற்றனர். ஆகவே, அது கற்றுக்கொள்ளக்கூடியது.

எல்லாமே பயிற்சியால் வருவதுமன்று. இந்தோனேசியாவின் பஜாவ் மக்கள் கடலையே வீடாகக் கொண்ட முஸ்லிம்கள். பல நூற்றாண்டுகளாக மூழ்கி வாழ்பவர்கள். 2018இல் வெளியான ஆய்வு, அவர்களுடைய மண்ணீரல் அண்டையில் நிலத்தில் வாழும் சலுவான் மக்களுடையதை விடச் சுமார் 50 விழுக்காடு பெரியது என்று காட்டியது. மூழ்காத பஜாவ் மக்களுக்கும் அது பெரிதாகவே இருந்தது. தைராய்டு சுரப்புடன் தொடர்புடைய ஒரு மரபணு மாறுபாடு அவர்களிடம் மிகுதியாக இருப்பதும் தெரிந்தது.

மூழ்க மூழ்க உறுப்பு பெருத்து, அது பிள்ளைக்கு இறங்கியது என்று கொள்வது தவறு. பிறவியிலேயே மண்ணீரல் சற்றுப் பெரிதாக அமைந்தவர் கடலில் பிழைத்திருக்கவும் மக்களைப் பெறவும் வாய்ப்பு கூடுதல். பல தலைமுறைகளில் அத்தன்மை பரவுகிறது. ஆதம் நபியின் மக்களாகிய நம்மிடையே நிறமும் உயரமும் வேறுபடுவதைப் போன்றதே இதுவும். ஆனால் அந்தக் கணக்கின் மறுபக்கத்தில், மேலே வராமற் போனவர்களும் இருக்கிறார்கள்.

நம் ஃபிக்ஹ் அறிஞர்கள் இத்தொழிலின் நிச்சயமின்மையை அறிந்திருந்தார்கள். மூழ்குபவர் அடுத்த முழுக்கில் எடுத்துவருவதை முன்கூட்டியே விலைபேசி விற்பது கூடாது என்றார்கள்; அது 'கரர்', இன்னதென்று அறியாததை விற்கும் வணிகம். ஒரு மூச்சில் என்ன கிடைக்கும் என்பதை அல்லாஹ்வையன்றி யாரறிவார்?

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961உடன் முடிந்தது. அந்த மாணவனுக்கு நான் சொன்னது இதுதான்: "அவர்களுக்குப் பழக்கம் இருந்தது, ஒழுங்கு இருந்தது, கயிற்றின் மறுமுனையில் ஒரு கை இருந்தது. உன் பந்தயத்தில் இவற்றில் எது இருந்தது?"

பெற்றோரே, மூழ்குமுன் வேகவேகமாக மூச்சிழுத்தால் நெடுநேரம் தாங்கலாம் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். அதனால் உயிர்வளி கூடுவது மிகச் சிறிதே; கரியமில வாயுதான் குறைகிறது. மூச்சுவிடத் தூண்டும் எச்சரிக்கை பிந்துகிறது. அதற்குள் நினைவு தப்பிவிடுகிறது. மூச்சு அமானிதம், அதைப் பந்தயப் பொருளாக்க வேண்டாம் என்று இன்றே வீட்டில் சொல்லுங்கள்.