பிரேக் இன்ஸ்பெக்டர்

குப்பத்தில் யாரிடமாவது "மோட்டார் வாகன ஆய்வாளர்" என்று சொல்லிப் பாருங்கள். ஒரு நிமிஷம் முழிப்பார். "பிரேக் இன்ஸ்பெக்டர்" என்றால் டீக்கடைப் பையனுக்குக்கூடப் புரியும். தெலுங்கில் கேட்டாலும் அதே பெயர்தான். பக்கத்தில் கேஜிஎஃப் போய்க் கன்னடத்தில் கேட்டாலும் அதேதான். மூன்று மாநிலம் முட்டிக்கொள்கிற ஊர் எங்களுடையது. மூன்று மொழிக்காரர்களும் சண்டை இல்லாமல் ஒத்துக்கொள்ளும் விஷயங்கள் ரொம்பக் குறைவு. அதில் இந்தப் பெயரும் ஒன்று.

இதை யோசிக்க வைத்தது இங்கிலாந்தில் இருக்கும் நண்பர் ஒருவர். குடும்பத்தோடு ஊர் சுற்றலாம் என்று பழைய கேம்பர் வேன் ஒன்றை வாங்கினார். எம்.ஓ.டி. சோதனையில் பிரேக்கில் ஃபெயில். முன்சக்கரம் இரண்டும் ஒரே அளவு பிடிக்கவில்லையாம். இங்கே சக்கரத்தை உருளை மேல் ஏற்றி, ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு விசையில் பிடிக்கிறது என்று மெஷின் சொல்லிவிடும். முன்பக்கம் இடதுக்கும் வலதுக்கும் வித்தியாசம் 30 சதவீதத்தைத் தாண்டினால் போச்சு.

எம்.ஓ.டி. என்பது போக்குவரத்து அமைச்சகத்தின் பழைய பெயர். 1960 செப்டம்பரில் பத்து வயசான வண்டிகளுக்கு பிரேக், ஸ்டியரிங், விளக்கு மூன்றையும் சோதிப்பதென்று ஆரம்பித்தது. 1967-ல் மூன்று வயசு வண்டிக்கே வந்துவிட்டது. அமைச்சகத்தின் பெயர் மாறி ரொம்ப காலம் ஆகியும் சோதனைக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இங்கே ஆபீஸின் பெயர் சோதனைக்கு வந்தது. நம்ம ஊரில் நேர் எதிர், வண்டியின் ஒரு பாகம் அதிகாரியின் பெயரானது.

இந்தியாவில் முதல் மோட்டார் வாகனச் சட்டம் 1914-ல் வந்தது. அடுத்து வந்த 1939 சட்டத்தின் 38-வது பிரிவு, லாரி, பஸ் மாதிரி வாடகைக்கு ஓடும் வண்டிகளுக்குத் தகுதிச் சான்று வேண்டும் என்றது. நாம் "எஃப்.சி." என்று சொல்வது இதைத்தான். 1988-ல் நிறைவேறி 1989 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த சட்டத்தில் அது 56-வது பிரிவு. சொந்த உபயோக வண்டிக்குப் பதினைந்து வருஷம் தொந்தரவு இல்லை. பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை காட்டிப் புதுப்பிக்க வேண்டும்.

சோதிக்க வேண்டியது விளக்கு, ஹாரன், டயர், ஸ்டியரிங், புகை என்று ஒரு பட்டியலே இருக்கிறது. இதில் பிரேக் மட்டும் எப்படிப் பெயராகியது? என் கணிப்பு இதுதான். மற்றதையெல்லாம் ஒரு நாளைக்குச் சரிக்கட்டலாம். நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டி, காட்டிவிட்டுக் கழற்றிக் கொடுப்பவர்கள் உண்டு. துருவை பெயிண்ட் மூடிவிடும். பிரேக்கை அப்படி ஏய்ப்பது கஷ்டம். இன்ஸ்பெக்டர் வண்டியை ஓட்டச் சொல்வார், திடீரென்று "பிடி" என்பார். நாலு சக்கரமும் மண்ணில் கோடு போட்டதா, வண்டி ஒரு பக்கமாக இழுத்ததா என்று குனிந்து பார்ப்பார். சுற்றி நிற்கிற சனங்கள் கண்ணால் பார்த்த பரீட்சை அது ஒன்றுதான். பார்த்ததை வைத்துப் பெயர் வைத்தார்கள்.

எங்க மாமா ஒருவர் எண்பதுகளில் குப்பத்தில் மேட்டடார் வேன் வைத்து வாடகைக்கு ஓட்டினார். மேட்டடார் 1969-ல் பஜாஜ் டெம்போ கம்பெனி ஜெர்மன் டெம்போ வண்டியை வைத்துக் கொண்டுவந்தது. (அந்தக் கம்பெனி 2005-ல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் ஆனது. கம்பெனி பெயரைவிட "டெம்போ" என்கிற சொல்தான் நம்மிடம் தங்கியது.) கல்யாணம், மொட்டை, ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் அந்த வேன்தான்.

எஃப்.சி.க்கு ஒரு வாரம் முன்னாலேயே வேன் மெக்கானிக்கிடம் போய்விடும். "அண்ணே, இடது பக்கம் இழுக்குது" என்றால் மெக்கானிக் முதலில் வலது சக்கரத்தைத்தான் கழற்றுவார்! இடது பக்கம் ஒழுங்காகப் பிடிக்கிறது, வலதுதான் பிடிக்கவில்லை என்று அர்த்தம். வீல் சிலிண்டர் ரப்பர் தேய்ந்து பிரேக் ஆயில் கசிந்து லைனிங்கை நனைத்திருக்கும். இல்லையென்றால் பிஸ்டன் துருப்பிடித்து இறுகியிருக்கும். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் குழாயில் காற்று. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க, இன்னொருவர் கீழே படுத்துக் காற்றை எடுப்பார். டிரம்மில் பள்ளம் விழுந்திருந்தால் லேத்தில் கொடுத்துக் கடைந்து வருவார்கள். ஷூவில் புது லைனிங் வைத்து ரிவெட் அடிப்பார்கள். பழைய தூசியை வாயால் ஊதித் தள்ளுவார்கள். அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. ஊதியவர் நுரையீரலை யார் சோதித்தார்கள்? பிரிட்டன் 1999-ல் ஆஸ்பெஸ்டாஸைத் தடை செய்தது. அதைப் படித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த மெக்கானிக்தான்.

ஆயில் பிரேக் ரொம்பப் பழைய சரக்கு இல்லை. முதலில் கம்பியும் ராடும் வைத்து இழுக்கிற பிரேக்தான். 1917-ல் அமெரிக்காவில் மால்கம் லாக்ஹீட் திரவத்தால் இயங்கும் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். 1921-ல் டூசன்பர்க் காரில் வந்தது. திரவத்துக்கு ஒரு நல்ல குணம். பெடலில் கொடுத்த அழுத்தம் நாலு சக்கரத்துக்கும் ஒரே சமயத்தில் போகும். கெட்ட குணமும் அதிலேயே இருக்கிறது. பழைய வண்டிகள் பலவற்றில் ஒரே குழாய்ச் சுற்று. எங்கே ஓட்டை விழுந்தாலும் மொத்த பிரேக்கும் போய்விடும். நம்ம பக்கம் இந்தச் சாமான்கள் செய்கிற தொழில் சென்னை பாடியில் வளர்ந்தது. டிவிஎஸ் குழுமம் 1962-ல் இங்கிலாந்து கர்லிங் கம்பெனியோடு சேர்ந்து பிரேக்ஸ் இந்தியாவை ஆரம்பித்தது. 1974-ல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் வந்தது.

எஃப்.சி. முடிந்ததும் மாமாவின் வேனுக்கு நிஜமான பரீட்சை திருமலையில்தான். முதல் மலைப்பாதை 1944-ல் திறந்தது, இரண்டாவது 1974-ல். இப்போது புதியதில் ஏறி, பழையதில் இறங்குகிறோம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆட்களோடு இரண்டரை டன் வேன் சுமார் 700 மீட்டர் உயரம் இறங்குகிறது. அந்தச் சக்தி அத்தனையும் சூடாக மாறினால் ஏறக்குறைய 50 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடும். காலை பிரேக்கிலேயே வைத்து இறங்கினால் அவ்வளவும் நாலு டிரம்முக்குள் போகிறது. டிரம் சூட்டில் விரிந்து ஷூவை விட்டு விலகும், லைனிங் வழுக்கும். ஈரம் ஏறிய பழைய பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விடும். பெடல் பலகை வரைக்கும் போகும், வண்டி நிற்காது. அதனால்தான் "ஏறின கியர்லயே இறங்கணும்" என்று மாமா சொல்வார். பாதிச் சுமையை என்ஜின் தாங்கிக்கொள்ளும். மைதானத்தில் ஒரு தடவை "பிடி" என்றதற்கு நின்ற வண்டி, முப்பதாவது வளைவிலும் நிற்கும் என்று எந்த எஃப்.சி.யும் சொல்லவில்லை.

வண்டிக்கு வயசானால் இரண்டு நாடும் இரண்டு விதமாக நடக்கின்றன. இந்தியாவில் பதினைந்து வயசு தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. மனிதருக்குப் பதில் மெஷின் சோதிக்கும் நிலையங்களுக்கு 2021-ல் விதிகள் வந்தன. இங்கிலாந்தில் 2018 மே முதல், பெரிய மாற்றம் செய்யாத நாற்பது வயசு வண்டிக்கு எம்.ஓ.டி.யே கட்டாயமில்லை. அதற்கு மேல் வண்டிக்காரர் பொறுப்பு. நண்பரின் வேனுக்கும் சீக்கிரம் அந்த வயசு வந்துவிடும். "அப்புறமும் வருஷா வருஷம் காட்டுவேன், உள்ளே உட்காருவது என் பிள்ளைங்கதானே" என்றார்.

லீவில் ஊருக்குப் போகிறவர்கள் திருப்பதிக்கு வேன் பேசும்போது ஏசி இருக்கா, சீட் சாயுமா, பாட்டு ஓடுமா என்று கேட்கிறோம். எஃப்.சி. எப்போ காட்டினது, பிரேக் ஆயில் எப்போ மாத்தினது என்றும் டிரைவரிடம் கேளுங்கள். நல்ல டிரைவர் கோபித்துக்கொள்ள மாட்டார். சந்தோஷமாகவே பதில் சொல்வார். இறங்கும்போது அவர் வண்டியைச் சின்ன கியரில் உறும விட்டு மெதுவாகப் போனால், சீக்கிரம் போகச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள்.