கிழிசல் தைத்தல் (தாமிரபரணிப் பகுதி)

நைந்த வேட்டி, சேலைகளை ஊசிநூலால் சீராக்கி மீண்டும் உடுத்தும் வழக்கம். மாற்றுத்துணி வைத்துத் தைப்பது ஒட்டுப் போடுதல். அதைவிட நுட்பமானது இழையோட்டம்: அதே துணியின் தும்பிலிருந்து நூலை உருவி, பாவும் ஊடுமாகக் கிழிசலில் பின்னுவது. நிறமும் முறுக்கும் ஒத்துப்போவதால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால்தான் தழும்பு தெரியும். நடுவில் நைந்த எட்டு முழ வேட்டி, நைந்த பகுதி வெட்டப்பட்டு, இரு தலைப்பும் மூட்டப்பட்டு நாலு முழமாகும். பிறகு துண்டு, கரித்துணி, கடைசியில் விளக்குத் திரி.

வழக்கம் பழையது. பொருநராற்றுப்படையில் கரிகாலனிடம் வரும் பொருநனின் ஆடை, வியர்வையில் நனைந்து, வேற்று இழைகள் நுழைந்த கந்தை. சிலப்பதிகாரம் துன்னகாரரை, அதாவது தையற்காரரைச் சொல்கிறது. தைத்த உடை அக்காலத்தில் எவ்வளவு பரவியிருந்தது என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை.

19ஆம் நூற்றாண்டில் மிஷன் பள்ளிகள் பெண்களுக்கு ஊசிவேலை கற்பித்தன. இடையன்குடியில் எலைசா கால்டுவெல் லேஸ் பின்னலைத் தொடங்கினார். 1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்து அருவியின் விசையில் நூற்பாலை அமைத்தனர்.

இரண்டாம் உலகப் போர்க்காலம்தான் இவ்வழக்கத்தின் உச்சம். 1941 இறுதியில் ஜப்பானியத் துணி வரவு நின்றது; ஆலைத்துணியில் கணிசமான பங்கு படைக்குப் போனது. விலை பலமடங்கு ஏறவே, 1943 ஜூனில் பருத்தித் துணி, நூல் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தது. உச்ச விலை துணியிலேயே முத்திரையாகக் குத்தப்பட்டது. 1948 ஜனவரியில் கட்டுப்பாடு நீங்கியது. விலை மீண்டும் எகிற, அவ்வாண்டே திரும்பியது.

தாமிரபரணிக் கரையில் துயரம் இரட்டிப்பு. மேலப்பாளையம், வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி போன்ற தறி ஊர்களில் துணி நெய்பவருக்கே நூல் கிடைக்கவில்லை. பாவு ஏறாத தறி, அடுப்பு எரியாத வீடு. இத்தகைய துயரை நெல்லைக்காரரான தொ.மு.சி. ரகுநாதன் 'பஞ்சும் பசியும்' (1953) நாவலில் அம்பாசமுத்திரத்து நெசவாளர் வழியே பதிந்தார். செக் தமிழறிஞர் கமில் சுவலபில் அதைச் செக் மொழியில் பெயர்த்தார். அம்மொழியில் 50,000 படிகள் விற்றதாகக் கூறுவர். நம் பக்கத்துத் தறிச்சத்தம் அவ்வளவு தொலைவு கேட்டது நினைத்துப் பார்க்கத்தக்கது. நெசவாளர் துயர் துடைக்க 1953இல் அண்ணாதுரையும் தோழர்களும் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து விற்றனர்.

பின்னர் டெரிலின் வந்தது. எளிதில் கிழியாத அத்துணியே இழையோட்டத்தை ஒழித்தது என்பர் சிலர். ஆயத்த ஆடையின் மலிவே காரணம் என்பது வேறொரு கருத்து. இரண்டும் சேர்ந்தே நிகழ்ந்திருக்கலாம். ஹார்வி ஆலை 1974இல் ஜே. அண்டு பி. கோட்ஸுடன் இணைந்து, தையல் நூலுக்குப் பெயர்பெற்ற மதுரா கோட்ஸ் ஆனது.

2023இல் வீரவநல்லூர் செடிபுட்டா சேலை புவிசார் குறியீடு பெற்றது. பாளையங்கோட்டையில் பழைய உடைகளை வைத்துச் செல்ல 'அன்புச் சுவர்' அமைந்தது. பாபநாசத்தில் பரிகாரம் செய்வோர் உடுத்திவந்த துணியை ஆற்றில் விட்டுச் செல்கின்றனர். தன்னார்வலர்கள் அதை டன் கணக்கில் அள்ளுகின்றனர்.