சொல்லிக் கொடுப்பவர் ஒருவர், பரீட்சை வைப்பவர் இன்னொருவர்

நம் குடியிருப்பின் வாசலில், செக்யூரிட்டி மேசை மேல் இப்போதெல்லாம் பீட்சா நோட்டீசைவிடப் பயிற்சி நோட்டீசுகள்தான் அதிகம். நாலாம் வகுப்புப் பிள்ளைக்குக் கோடிங், கல்லூரி முடித்தவருக்கு டேட்டா சயின்ஸ், என்னைப் போன்ற ஓய்வு பெற்றவர்களுக்குக்கூட ஒரு வார இறுதியில் ஏ.ஐ. பெரியவர்களுக்கான நோட்டீசுகளில் "வேலை நிச்சயம்" என்ற வரி தவறாமல் இருக்கிறது. இந்த வரிக்குத் தமிழ்நாட்டில் நாற்பது வருட வரலாறு உண்டு. அதில் பெரும்பகுதியை வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். கல்வெட்டு, செப்பேடு எதுவும் இதில் வராது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்தது டைப்பிங் இன்ஸ்டிட்யூட். பி.காம். படிப்பவன் டிகிரி கைக்கு வருவதற்குள் லோயராவது பாஸ் பண்ணியிருக்க வேண்டும் என்பது எங்கள் காலத்து எழுதாத சட்டம். லோயருக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. ரெமிங்டன், ஹால்டா, கோத்ரெஜ் என்று மூன்று நான்கு ரக மெஷின்கள், ஆடும் ஸ்டூல்கள், சுவரில் சாமி படம். கட்டணம் மாதா மாதம். வாத்தியார் சரியில்லை என்றால் அடுத்த மாதம் பக்கத்துத் தெரு இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய்விடலாம்.

இதில் நான் முக்கியமாகக் கருதுவது பரீட்சையை. அதை நடத்தியது இன்ஸ்டிட்யூட் அல்ல, அரசின் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். வருடத்துக்கு இரண்டு முறை, ஏதாவது ஒரு பாலிடெக்னிக்கில். மெஷின்களை வேனில் ஏற்றிப் பரீட்சை ஹாலுக்குக் கொண்டுபோவோம். தாளைத் திருத்துபவர் யாரென்று வாத்தியாருக்கே தெரியாது. அதனால்தான் "டைப்ரைட்டிங் ஹையர்" என்று விண்ணப்பத்தில் எழுதினால் எந்த அலுவலகமும் நம்பியது. எந்த இன்ஸ்டிட்யூட் என்று ஒருவரும் கேட்டதில்லை.

கம்ப்யூட்டர் பயிற்சி ஒரு வியாபாரமாக வளர்ந்தது 1980களில். 1981இல் டெல்லியில் ராஜேந்திர பவாரும் விஜய் தடானியும் என்.ஐ.ஐ.டி.யைத் தொடங்கினார்கள். 1986இல் மும்பையில் அப்டெக். இரண்டுக்கும் நடுவில் ராஜீவ் காந்தி பிரதமராகி, 1984இல் புதிய கம்ப்யூட்டர் கொள்கை வந்தது. 'கம்ப்யூட்டர் தெரிந்தால் வேலை' என்ற பேச்சு டீக்கடை வரை வந்த காலம் அது.

வங்கிகளில் அப்போது நிலைமை வேறு. கம்ப்யூட்டர் வந்தால் ஆள் குறைப்பு வரும் என்று சங்கங்கள் எதிர்த்தன. பேச்சுவார்த்தை நடந்து 1983 செப்டம்பரில் ஒப்பந்தம் ஏற்பட்டது. 1984இல் ரங்கராஜன் கமிட்டி அறிக்கை. பிறகுதான் கிளைகளுக்கு லெட்ஜர் போஸ்டிங் மெஷின்கள் மெதுவாக வந்தன. எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததும் வங்கியேதான், பயிற்சி மையத்தில் சில நாள். தனிப் பரீட்சை கிடையாது. சாயங்காலம் கணக்கு டேலி ஆகாவிட்டால் வீட்டுக்குப் போக முடியாது, அதுவே பரீட்சை. 2001 ஜனவரிக்குள் 70 சதவீத வியாபாரம் கம்ப்யூட்டரில் ஏறியாக வேண்டும் என்று மத்திய ஊழல் தடுப்பு ஆணையராக இருந்த விட்டல் 1998இல் உத்தரவு போட்ட பிறகுதான் வேகம் பிடித்தது.

வெளியே சென்டர்கள் அதற்கு வெகு முன்பே ஓடத் தொடங்கிவிட்டன. சென்னையில் 1991இல் கல்பாத்தி சகோதரர்கள் எஸ்.எஸ்.ஐ.யைத் தொடங்கினார்கள். சில வருடங்களில் எந்த ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நின்றாலும் மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் போர்டு தெரிந்தது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு ஏ.சி. அறைக்குள் போக வேண்டும். கோயிலுக்கு அடுத்தபடி அந்த மரியாதை கம்ப்யூட்டருக்குத்தான் கிடைத்தது! வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ், அப்புறம் ஃபாக்ஸ்ப்ரோ, விஷுவல் பேசிக் என்று பாடங்கள் மாறிக்கொண்டே வந்தன. விஸ்வநாதன் ஆனந்த் என்.ஐ.ஐ.டி.யின் விளம்பரத் தூதரானார்.

பெரும்பாலானவை பிரான்சைஸ் முறையில் நடந்தவை. பெயரும் புத்தகமும் தலைமை நிறுவனத்துடையது. இடம், ஏ.சி., மெஷின், ஆசிரியர் சம்பளம் உள்ளூர்க்காரர் பொறுப்பு. வசூலில் ஒரு பங்கு தலைமைக்குப் போகும். நான் வேலை பார்த்த கிளையில் அப்படி ஒருவர் மெஷின் வாங்கக் கடன் எடுத்திருந்தார். தவணை ஐந்து வருடம். 486 மெஷின் இரண்டே வருடத்தில் பழசாகி, மாணவர்கள் பெண்டியம் கேட்டார்கள். பழைய கடன் முடியாமல் புதுக் கடனுக்கு வந்து நின்றார்.

டைப்பிங்கிலிருந்து இரண்டு விஷயங்கள் இங்கே மாறிவிட்டன. சொல்லிக் கொடுத்தவரே பரீட்சை வைத்து, அவரே சான்றிதழும் அடித்துக் கொடுத்தார். மாதக் கட்டணம் போய், இரண்டு வருடப் படிப்புக்கான பணத்தை முன்கூட்டியே இரண்டு மூன்று தவணையில் வாங்கினார்கள். பி.காம். படித்தவனுக்கு இது உடனே உறுத்தும். இன்னும் நடத்தாத வகுப்புக்காக வாங்கிய பணம் வருமானம் ஆகாது. அது மாணவனுக்குத் திருப்ப வேண்டிய பாக்கி. அதை வருமானமாக நினைத்துச் செலவழித்தால், பழைய மாணவனின் வகுப்பு புது மாணவனின் பணத்தில்தான் ஓடும். சேர்க்கை ஏறிக்கொண்டே இருக்கும்வரை வெளியே தெரியாது.

1998 முதல் 2000 வரை ஏறியது. 2000ஆம் ஆண்டுக் கோளாறைச் சரிசெய்ய கோபால் தெரிந்தவர்கள் வேண்டும் என்றார்கள். அமெரிக்கா எச்-1பி விசா உச்சவரம்பை 65,000லிருந்து 1,15,000 ஆக்கியது, பிறகு 1,95,000. 2000 ஜூலையில் வாஜ்பாய் சென்னையில் டைடல் பார்க்கைத் திறந்து வைத்தார். ஆனால் அந்த வருடம் மார்ச்சிலேயே அமெரிக்கப் பங்குச் சந்தையில் டாட்காம் பங்குகள் சரியத் தொடங்கியிருந்தன. அந்தச் செய்தி நம் மாவட்டங்களுக்கு வர ஒரு வருடம் பிடித்தது.

என் சொந்த ஊர் பூம்பாறை. கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் போகும் சாலையில், படிப்படியாக வெட்டிய வயல்களில் மலைப்பூண்டு விளையும் ஊர். குழந்தை வேலப்பர் கோயிலுக்கு வந்த நண்பர்களுக்குத் தெரியும். அங்கே பணம் என்றால் பூண்டு மூட்டை வடுகபட்டிச் சந்தைக்கு இறங்கினால்தான். என் சொந்தக்காரர் ஒருவர், ஒரு போகத்துப் பூண்டை விற்ற பணத்தோடு கொஞ்சம் நகையையும் அடகு வைத்து, மகனைக் கீழே ஒரு பெரிய ஊர் சென்டரில் இரண்டு வருடப் படிப்பில் சேர்த்தார். பெயர் வேண்டாம். பதினான்காம் மாதம் பையன் போய்ப் பார்த்தபோது கதவில் பூட்டு. உள்ளூர்க்காரர் தலைமை அலுவலகத்தைக் கேள் என்றார். தலைமை அலுவலகம், பணம் வாங்கியது உள்ளூர்க்காரர்தானே என்றது. ரசீதெல்லாம் பத்திரமாக இருந்தது. நகையை மீட்க மூன்று வருடம் ஆயிற்று.

சேர்க்கை நின்ற மாதமே இத்தகைய சென்டர்களில் ஆசிரியர் சம்பளம் நின்றது, பிறகு வாடகை. எஸ்.எஸ்.ஐ. சகோதரர்கள் அப்டெக்கை வாங்கினார்கள். 2005இல் அது ராகேஷ் ஜுன்ஜுன்வாலா கைக்குப் போனது. ஏ.ஜி.எஸ். தியேட்டர்களை நடத்துபவர்கள் அதே கல்பாத்தி குடும்பம்தான். அப்டெக் அனிமேஷன், அழகுக்கலைப் பயிற்சி வரை போய்விட்டது. என்.ஐ.ஐ.டி., நிறுவனங்களின் ஊழியர்களுக்குப் பயிற்சி தருவதைப் பெரிய தொழிலாக்கி, 2023இல் அதைத் தனிக் கம்பெனியாகவே பிரித்துவிட்டது. கட்டணத்தைக் கம்பெனி கட்டுகிறது. அது கேள்வி கேட்டுத்தான் கட்டும்.

2001இல் வந்த மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் ஒரு வரி இருந்தது. கம்ப்யூட்டர் சான்றிதழ்ப் படிப்பு என்றால், மத்திய மின்னணுத் துறை அங்கீகாரமோ பல்கலைக்கழக இணைப்போ உள்ள நிறுவனமாக இருக்க வேண்டும். கவுண்டரில் இதைச் சொல்லும்போது பெற்றோர் கோபப்படுவார்கள். அந்தத் துறை 1990இல் தொடங்கிய 'ஓ லெவல்', 'ஏ லெவல்' படிப்புகளுக்கு யார் வேண்டுமானாலும் அங்கீகாரம் பெற்று வகுப்பு நடத்தலாம், பரீட்சை மட்டும் மத்திய அமைப்பு வைக்கும். டைப்பிங் பரீட்சையின் அதே ஏற்பாடு. இன்று நைலிட் என்ற பெயரில் தொடர்கிறது. கடினம் என்பதால் கூட்டம் குறைவு.

கூட்டம் குறையாத ஒன்று டேலி. 1986இல் பெங்களூரில் கோயங்கா தந்தையும் மகனும் தொடங்கிய நிறுவனம் செய்த கணக்கு மென்பொருள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது சின்ன சென்டர்களுக்கு மறுபடி உயிர் வந்தது. டேலிக்குச் சான்றிதழே தேவையில்லை என்பேன். கடைக்காரர் ஒரு கட்டு வவுச்சரைக் கையில் கொடுப்பார், மாலைக்குள் தெரிந்துவிடும். நான் சொன்ன பூம்பாறைப் பையன்கூட அதைக் கற்றுத்தான் ஆடிட்டர் அலுவலகத்தில் சேர்ந்தான். இப்போது அவனே நாலு பேருக்கு வேலை கொடுக்கிறான்.

அரசும் சும்மா இருக்கவில்லை. 2011 செப்டம்பரில் மாணவர்களுக்கு இலவச லேப்டாப், 2022 மார்ச்சில் நான் முதல்வன். கிராமத்தில் 6 கோடிப் பேருக்கு அடிப்படைக் கம்ப்யூட்டர் என்று மத்திய அரசு 2017இல் தொடங்கிய 20 மணி நேரப் படிப்பில், மாணவர் தேறிய பிறகுதான் பயிற்சி தந்தவருக்குப் பணம் என்று விதி வைத்தார்கள். 2020இல் சென்னை ஐ.ஐ.டி. தொடங்கிய டேட்டா சயின்ஸ் படிப்பில் பாடமெல்லாம் வீட்டிலிருந்தே பார்க்கலாம். பரீட்சைக்கு மட்டும் மையத்துக்கு நேரில் போயாக வேண்டும்.

தனியார் பக்கம், 2020இல் பைஜூஸ் 30 கோடி டாலர் கொடுத்து ஒயிட்ஹேட் ஜூனியரை வாங்கியது. நாலாம் வகுப்புக் கோடிங்கை வீட்டுக்கு வீடு கொண்டுவந்தது அதுதான். அதன் விளம்பரங்கள் சிலவற்றை விளம்பரத் தரக் கவுன்சிலே நிறுத்தச் சொன்னது. 2024 ஜூலையில் பைஜூஸ் திவால் நடவடிக்கைக்குப் போனது. இன்னொரு மாற்றமும் வந்திருக்கிறது. பழைய சென்டர்கள் தவணையை அவர்களே வசூலித்தார்கள். இப்போது பல இடங்களில் கட்டணத்தை ஒரு நிதி நிறுவனம் மொத்தமாகக் கட்டிவிட்டு, மாணவர் பெயரில் கடனாக எழுதிக்கொள்கிறது. படிப்பு பிடிக்காமல் நின்றாலும் இ.எம்.ஐ. நிற்காது, சிபிலில் ஏறும். அந்தக் காலத்துப் பூட்டிய கதவாவது கண்ணுக்குத் தெரிந்தது.

நம் குடியிருப்பில் யாராவது பிள்ளைகளைச் சேர்ப்பதாக இருந்தால், கையெழுத்துப் போடும் முன் அந்த ஃபாரத்தைக் கொண்டுவாருங்கள். பரீட்சை வைப்பது யார், கடன் யார் பெயரில் என்ற இரண்டு இடத்தையும் சேர்ந்து படித்துப் பார்க்கலாம். காலை பத்து மணிக்கு மேல் பெரும்பாலும் வீட்டில்தான் இருப்பேன்.