அலோகா வலையமைப்பும் முறைவைப்பும்

பொது அலைவரிசையொன்றைப் பலர் பகிரும்போது யார், எப்போது அனுப்புவது? 1971 சூன் திங்களில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆபிராம்சன் குழுவினர் இயக்கத் தொடங்கிய அலோகா வலையமைப்பு, முறைவைத்து அனுப்புவதையே கைவிட்டது எனப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. இக்கூற்று பாதியளவே பொருந்தும்.

விசைப்பலகைமுன் அமர்ந்திருப்பவர் பெரும்பொழுதும் எதையும் அனுப்புவதில்லை. அவருக்கென நிலையான நேரத்தை ஒதுக்கினால் பெரும்பகுதி வீணாகும். ஆதலின் பயனர் முனையங்கள் வேண்டியபோதே பொதியை அனுப்பின. ஒப்புகை வாராவிடின் மோதல் நேர்ந்ததெனக் கொண்டு, தற்செயலாக அமைந்த இடைவெளிக்குப்பின் மீண்டும் அனுப்பின. இவ்வெளிமைக்குத் தந்த விலை பெரிது. ஆபிராம்சனின் 1970ஆம் ஆண்டுக் கணக்கீட்டின்படி, அலைவரிசைக் கொள்ளளவில் ஏறத்தாழ 18.4 விழுக்காட்டுக்கு மேல் பயன்படாது.

ஆயினும் இத்தற்செயல்முறை 407.350 மெகாஹெர்ட்ஸில், பயனரிடமிருந்து மையத்துக்குச் செல்லும் திசையில் மட்டுமே நிலவியது. எதிர்த்திசைக்குரிய 413.475 மெகாஹெர்ட்ஸில் அனுப்புவது மெனெஹூனி என்னும் மையக் கணினி ஒன்றே. அங்கு மோதலுக்கு இடமேயில்லை. இவ்வேறுபாடு போதிய கவனம் பெறவில்லை.

1972இல் லாரன்ஸ் ராபர்ட்ஸ், காலத்தைப் பொதியளவுக் கூறுகளாகப் பகுத்து, கூறின் தொடக்கத்தில் மட்டுமே அனுப்பலாமென முன்மொழிந்தார். மோதலுக்கு ஏதுவான நேரம் பாதியாயிற்று. உச்சப் பயன் 36.8 விழுக்காடாயிற்று. யார் அனுப்புவது என்பது தற்செயலாகவே நீடிக்க, எப்போது என்பது கடிகாரத்துக்கு உட்பட்டது.

பின்வந்த ஜிஎஸ்எம் செல்பேசியில் இரண்டும் இணைந்தன. அழைக்கும் கைபேசி, கூறுபட்ட அலோகா முறையில் இடம் மட்டுமே கேட்கிறது. அதன்பின் தளநிலையம் ஒதுக்கிய நேரக்கூறில் உரையாடல் நிகழ்கிறது.